கழுகு குறித்த முப்பத்தொரு இடங்கள்

எங்கள் அலுவலகத்தில் ஒருவருக்குக் குறை கண்டுபிடிப்பதுதான் வேலை. வெளியில் செய்தால் நாலு பேரிடம் ஏச்சு வாங்கித் தரும் அந்தக் காரியத்துக்கு இங்கே தனி அறை, மேசை, மின்விசிறி எல்லாம் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். இருபத்திரண்டு வருடமாக அவரைக் கழுகு என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். வயதில் சின்னவள் என்பதால் நான் மட்டும் கழுகண்ணன் என்பேன்.

வெளிநாட்டுப் படங்களை வாங்கித் தமிழ் பேசவைத்துத் தொலைக்காட்சிகளுக்குக் கொடுப்பது எங்கள் நிறுவனத்தின் தொழில். வந்த படத்தை முதலில் கழுகண்ணன் பார்ப்பார். கதைக்காக அல்ல. கோடு விழுகிறதா, நிறம் மாறுகிறதா, ஒலி அறுகிறதா, படம் உறைந்து நிற்கிறதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். ஒலி ஓடிக்கொண்டிருக்கும்போது மூன்று நொடிக்கு மேல் படம் அசையாமல் நின்றால் அதற்கு 'உறைவு' என்று பெயர். ஒரு படிவம் உண்டு. இடப்பக்கம் நேரம், வலப்பக்கம் குறை. அந்தப் படிவம் என் எடிட்டிங் அறைக்கு வரும். அவர் குறித்த இடத்தை நான் வெட்டுவேன் அல்லது ஒட்டுவேன். ஏன் என்று கேட்டதில்லை. கழுகு கையெழுத்துப் போட்டுவிட்டால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது என்பது எங்கள் ஆபீஸ் சட்டம்.

இந்தப் பழக்கம் வீட்டுக்கும் போகும். அவர் மனைவி, எனக்கு அண்ணி, ஒரு நூலகத்தில் கிழிந்த புத்தகங்களைத் தைத்து அட்டை ஒட்டுகிறவர். அவர் ஒருமுறை என்னிடம் சொன்னது இது.

"கல்யாணமான மூணாம் நாளு நானே சமைச்சுப் போட்டேன். எப்படி இருக்குன்னு கேட்டேன். மேசை ஆடுதுன்னாரு. ஒரு கால் குட்டையாம். என் அட்டையை எடுத்து நாலா மடிச்சு அடியில வச்சாரு. இருபத்தஞ்சு வருஷமா அந்த அட்டையை மாத்தி மாத்தி வைக்கிறாரு. சாப்பாடு எப்படின்னு இன்னும் சொல்லல."

அந்த வருடம்தான் எங்களுக்கு முதன்முதலாக ஒரு ஜப்பானிய அனிமேஷன் படம் வந்தது. அதற்கு முன் வந்த பொம்மைப் படங்களில் எல்லாம் யாராவது பறப்பார்கள், ஏதாவது வெடிக்கும். இது வேறு மாதிரி. ஒரு தபால் அலுவலகத்தில் முத்திரை குத்தும் பெண். அவளுடைய அம்மா மூன்று நாள் பரிசோதனைக்காக ஆஸ்பத்திரியில் சேருகிறாள். மகள் வீட்டில் தனியாகச் சமைத்து, துவைத்து, வேலைக்குப் போய் வந்து, காத்திருக்கிறாள். நான்காம் நாள் அம்மா திரும்பி வருகிறாள். முடிந்தது. இதற்கு எதற்கு இரண்டு மணி நேரம் என்று எனக்குப் படம் பார்க்காமலேயே எரிச்சல்.

கழுகண்ணனின் படிவம் வந்தது. வழக்கமாக ஒரு பக்கத்தில் நாலு வரி இருக்கும். இதில் முப்பத்தொரு வரி. எல்லாம் உறைவு. அடுப்பில் கெட்டில், பத்து நொடி. காயும் துணிகள், பதின்மூன்று நொடி. காலி மாடிப்படி, ஒன்பது நொடி. மேசைமேல் கண்ணாடி டம்ளர், பதினொரு நொடி. எழுத்துகள் வழக்கத்தைவிடப் பெரிதாக, கோட்டைத் தாண்டிக் கிடந்தன. அதை நான் கவனித்தேன். கவனித்ததோடு சரி.

கூட்டிப் பார்த்தால் ஆறு நிமிடம் போகிறது. ஒரு நொடி கை நின்றது. நிற்கிற படத்தை யார் பார்க்கப் போகிறார்கள் என்று அடுத்த நொடியே வெட்ட ஆரம்பித்தேன். நேரத்தைத் தட்டுவேன், தொடக்கத்தில் ஒரு கோடு, முடிவில் ஒரு கோடு, நடுவில் இருப்பது குப்பை. மதியச் சாப்பாட்டுக்கு முன் முப்பத்தொன்றையும் முடித்துவிட்டுக் கை கழுவினேன். எள் என்றால் எண்ணெயாக நிற்பவள் என்று மேலாளர் என்னைப் பாராட்டியதுகூட உண்டு. அந்தப் பாராட்டை இப்போது நினைத்தால் எனக்கே என்னை நாலு சாத்தலாம் போலிருக்கிறது.

மறுநாள் காலை, படத்துக்குத் தமிழ் வசனம் எழுதியவர் என் அறைக் கதவைத் தட்டாமல் உள்ளே வந்தார். சாதுவான பெண்மணி, மற்ற நாட்களில்.

"படத்தை என்னம்மா பண்ணின?"

"என்ன பண்ணினேன்? குறையை எடுத்தேன்."

"அம்மா திடீர்னு வாசல்ல வந்து நிக்கிறா, பேய் மாதிரி! அந்தப் பொண்ணு மூணு நாளா காத்திருந்தாளே, அந்தக் காத்திருந்த நேரம் எங்க? நான் எழுதினது மொத்தமே இருநூறு வரி. மீதிப் படம் முழுக்க அந்த வீடுதான் பேசுது. நீ அதோட வாயைப் பொத்திட்டே."

எனக்குச் சுள்ளென்று ஏறியது. நின்றுபோன படத்துக்கு இவ்வளவு பேச்சா என்று, அவர் வாயை அடைக்க, மூலப் படத்தைத் திறந்து கெட்டில் வரும் இடத்தை ஓடவிட்டேன்.

கெட்டிலின் மூக்கிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது.

மெல்லிய ஆவி. பின்னால் சாம்பல் நிறச் சுவர், அதன்மேல் அதைவிட ஒரு இழை வெளுத்த ஆவி. ஏழாவது நொடியில் மூடி லேசாகத் துள்ளியது. துணிக்கொடிக்குப் போனேன். ஒரு காலுறையின் நுனியில் சொட்டு திரண்டு, கனத்து, விழுந்தது. மாடிப்படிக்குப் போனேன். சன்னல் வெயில் ஒரு படி கீழே இறங்கியிருந்தது. ஏழெட்டு இடம் பார்த்தேன். எல்லாவற்றிலும் ஏதோ ஒன்று அசைந்தது. அவ்வளவு சின்னதாக, அவ்வளவு பொறுமையாக யாரோ உட்கார்ந்து வரைந்திருக்கிறார்கள். ஒன்பது வருடமாக எடிட்டிங் செய்கிறேன், ஒரு கெட்டிலைப் பத்து நொடி நான் பார்த்ததில்லை. என் வீட்டுக் கெட்டிலையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

வசனம் எழுதியவர் என்னைத் திட்டுவதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார். வெட்டியதைத் திரும்ப ஒட்டிவிடலாம், மூலப் படம் பத்திரமாக இருக்கிறது. என் பயம் அது இல்லை. நான் பார்க்காமல் வெட்டினேன், சரி. கழுகண்ணன் பார்த்துத்தானே எழுதினார்? பார்த்தும் அவருக்கு ஆவி தெரியவில்லை என்றால்?

அப்போதுதான் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. அவர் நாற்காலி திரைக்குப் பக்கத்தில் நகர்ந்துகொண்டே போனது. திரையின் வெளிச்சத்தை முழுதாக ஏற்றிவைத்திருந்தது. "அறிவிப்புப் பலகையில என்னம்மா போட்டிருக்கு, கண்ணாடியை வீட்லயே வச்சுட்டேன்" என்று, கண்ணாடியை மூக்கில் மாட்டிக்கொண்டே கேட்டது.

மதியம் அவர் அறைக்குப் போனேன். கெட்டிலை ஓடவிட்டேன்.

"அண்ணே, இதுல என்ன அசையுது?"

"என்ன அசையுது? ஒண்ணும் அசையல. அதான் குறிச்சிருக்கேனே."

திரையில் ஆவி போகும் வழியை விரலால் தொட்டுக் காட்டினேன். "இதோ பாருங்க. இதோ மேல போகுது."

முகத்தைத் திரைக்குக் கொண்டுபோனார். மூக்கு திரையில் இடிக்கும் அளவுக்குக் கொண்டுபோனார். பிறகு பின்னால் சாய்ந்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்து மாட்டிக்கொண்டார். மறுபடியும் கழற்றித் துடைத்தார்.

"கதவைச் சாத்தும்மா."

சாத்தினேன்.

"ஏழு மாசமா இப்படித்தான். எல்லாம் புகை மூட்டமா இருக்கு. எங்கப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. ஐம்பத்திரண்டு வயசுல சுத்தமா போச்சு. அப்புறம் பத்தொம்பது வருஷம் ஒரே நாற்காலி. யாராவது வந்தா சத்தம் வர்ற பக்கம் திரும்பிச் சிரிப்பாரு. சில நேரம் ஆள் இந்தப் பக்கம் நிப்பாங்க, அவர் அந்தப் பக்கம் சிரிச்சுக்கிட்டு இருப்பாரு." திரையை அணைத்தார். "எனக்கு இந்த வருஷம் ஐம்பத்திரண்டு."

"டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

"காட்டினா சொல்லிடுவாங்கள்ல?"

எனக்குக் கோபம் வந்தது. 'கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமா' என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கடித்துக்கொண்டேன். இருபத்திரண்டு வருடம் உலகத்தில் உள்ள படங்களின் குறையை எல்லாம் எழுதித் தந்த மனிதர், தன் குறை ஒன்றை மட்டும் எந்தப் படிவத்திலும் ஏற்றாமல் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு அலைந்திருக்கிறார். பயம்தான், வேறென்ன. அண்ணியிடம் சொல்லாதே என்று என்னிடம் சத்தியம் வாங்கினார். சத்தியம் செய்துவிட்டு வெளியே வந்து பத்தே நிமிடத்தில் அண்ணிக்குப் போன் செய்தேன். சத்தியம் பெரிதுதான். கண் அதைவிடப் பெரிது.

அண்ணி விரலெல்லாம் பசையோடு வந்து இறங்கினார். அதிர்ச்சி எதுவும் முகத்தில் இல்லை.

"எனக்குத் தெரியாதுன்னு நினைச்சாரா? போன மாசம் என் பசை டியூபை எடுத்துப் பல்லு தேய்ச்சாரு. என்னங்க இதுன்னு கேட்டா, 'இந்தக் கம்பெனி பேஸ்ட் தரம் குறைஞ்சுபோச்சு'ங்கிறாரு. அவரா வாயைத் திறப்பாருன்னு காத்துக்கிட்டு இருந்தேன். காத்திருந்தது என் தப்பு. எந்திரிங்க, போகலாம்."

கழுகண்ணன் எழுந்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையில் நான் எவ்வளவு தெரிந்தேனோ, எனக்குத் தெரியாது.

கண் ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போனேன். சொட்டு மருந்து விட்டு ஒரு மணி நேரம் உட்காரவைத்தார்கள். அந்த ஒரு மணி நேரத்தில் அவர் ஒரு குறைகூடச் சொல்லவில்லை. எதிர்ச் சுவரில் நாட்காட்டி போன மாதத்திலேயே நின்றிருந்தது. அதைக்கூடச் சொல்லவில்லை. அண்ணி அவர் முழங்கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். இந்த மனிதர் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து தப்பான பக்கம் சிரிக்கப் போகிறாரா என்ற ஒரே கேள்விதான் எனக்குள் திரும்பத் திரும்ப வந்தது.

டாக்டரம்மா விளக்கை அடித்து, கருவியை வைத்து, நெடுநேரம் பார்த்தார்.

"நரம்பு நல்லா இருக்கு. அழுத்தமும் சரியா இருக்கு. உங்களுக்கு இருக்கிறது புரை."

"புரையா?"

"ரெண்டு கண்லயும். ரொம்ப நாள் விட்டு வச்சிருக்கீங்க. எடுத்துட்டு லென்ஸ் வச்சுட்டா நல்லாத் தெரியும்."

"எங்கப்பாவுக்கு வந்தது..."

"நீங்க சொல்றதைப் பார்த்தா அது வேற, நரம்பைப் பாதிக்கிற வியாதி. உங்களுக்கு இப்ப அது இல்ல. ஆனா வருஷா வருஷம் வந்து காட்டணும்."

கழுகண்ணன் நகரவில்லை. "இன்னொரு தடவை பாத்துடுங்க டாக்டர். ஒரு தடவை பாத்தா குறை தப்பிச்சுப் போயிடும். என் அனுபவத்துல சொல்றேன்."

அந்த அம்மா சிரித்துக்கொண்டே இன்னொரு தடவை பார்த்தார். "இப்பவும் இல்ல."

அந்த இரண்டு வார்த்தை எங்கள் மூன்று பேர் வயிற்றிலும் பால் வார்த்தது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. வெளியே நடையில் பெஞ்சில் உட்கார்ந்ததும் அண்ணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினார். சிரிப்பா அழுகையா என்று எனக்கே பிடிபடவில்லை. சொட்டு மருந்தில் கழுகண்ணனுக்கு எதிரில் எல்லாம் ஒரே வெள்ளை.

"யாரு அழறது?"

"நான்தான்."

"எதுக்கு?"

"சும்மா."

அவர் சத்தம் வந்த பக்கம் திரும்பிச் சிரித்தார். அண்ணி அந்தப் பக்கம்தான் இருந்தார். அதன்பிறகு பசிக்கிறது என்றார். ஆஸ்பத்திரிக் கேன்டீனில் உட்கார்ந்து மூன்று பேர் சாப்பாட்டை ஒருவராகச் சாப்பிட்டார்.

மறுநாள் அவரே மேலாளரிடம் போய் நடந்ததைச் சொன்னார். மேலாளர் விடுப்பு கொடுத்தார், திட்டவில்லை. எனக்கு மட்டும் சேர்த்துவைத்துத் திட்டு கிடைத்தது. வாங்கிக்கொண்டேன், நியாயமானது. முப்பத்தொரு துண்டுகளையும் திரும்ப ஒட்டிப் படத்தை அனுப்பினோம்.

முதல் கண், மூன்று வாரம் கழித்து இரண்டாவது கண். இரண்டும் ஆறிக் கழுகண்ணன் வேலைக்குத் திரும்பிய அன்று வாசலிலேயே நின்று, "இந்தச் சுவர் வெள்ளையா? இத்தனை நாள் மஞ்சள்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்" என்றார். மேலாளர் தலைக்கு மை பூசுகிறார் என்பதையும் அன்றைக்கே கண்டுபிடித்தார். சத்தமாகவே கண்டுபிடித்தார். பழைய ஆள் வந்துவிட்டார் என்று எங்களுக்கெல்லாம் நிம்மதி.

பிறகு என்னிடம் வந்தார். "என் படிவத்தைக் குடு. அந்தப் படத்தையும் போடு. தப்பா எழுதினது தப்பாவே கிடக்கக் கூடாது."

வசனம் எழுதியவரும் வந்து உட்கார்ந்துகொண்டார். கழுகண்ணன் கையில் சிவப்புப் பேனா. முதல் இடம், கெட்டில். பத்து நொடியும் ஓடி முடிந்தது. இன்னொரு தடவை போடு என்று விரலால் சைகை செய்தார். மூன்று தடவை பார்த்துவிட்டு, 'உறைவு' என்று எழுதியிருந்ததை அடித்து, பக்கத்தில் எழுதினார்: ஆவி போகிறது. மூடி ஒரு தடவை துள்ளுகிறது. குறை இல்லை.

இப்படியே ஒவ்வொன்றாக. காலுறையில் சொட்டு. குறை இல்லை. படியில் வெயில் இறங்குகிறது. குறை இல்லை. அரிசி கழுவிய தண்ணீர் தெளிகிறது. குறை இல்லை. தொங்கும் சட்டையின் ஒரு கை மட்டும் காற்றில் ஆடுகிறது, மற்றது ஆடவில்லை. குறை இல்லை. எங்கள் ஆபீஸில் அப்படி ஒரு படிவம் அதற்கு முன் யாரும் எழுதியதில்லை. குறைக்கான கட்டம் நிரம்பி வழிய வழிய, அந்தத் தபாலாபீஸ் பெண்ணின் வீடு முழுவதும் அதில் வந்து உட்கார்ந்தது. அவர் ஒருதரம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மருந்து போட்ட கண், துடைக்கக் கூடாது என்றேன். தெரியும் போடி என்றார்.

இருபத்தேழாவது இடம் வந்தது. மேசைமேல் தண்ணீர் டம்ளர். சன்னல் வெயில் தண்ணீர் வழியாகப் போய்ச் சுவரில் ஒரு வெளிச்சத் திட்டாக விழுந்திருக்கிறது. பதினொரு நொடி. ஓடியது, முடிந்தது.

"மறுபடியும்."

ஏழு தடவை போட்டேன். நான் பார்த்தேன், வசனம் எழுதியவர் பார்த்தார். என்ன அசைகிறது என்று யாருக்கும் தெரியவில்லை. கழுகண்ணன் கண்ணை மூடிக்கொண்டு எட்டாவது தடவை கேட்டார்.

"சத்தத்தைக் கேளு. எட்டாவது நொடியில தரைப்பலகை முனகுது. யாரோ வீட்டுக்குள்ள கால் வைக்கிறாங்க. பலகை முனகினா மேசை அதிரும். மேசை அதிர்ந்தா தண்ணி ஆடும். தண்ணி ஆடினா சுவர்ல இருக்கிற வெளிச்சம் ஆடணும். ஆடல." கண்ணைத் திறந்தார். "இது உறைவு."

நான் அன்றைக்கு ஏழெட்டு இடம்தான் பார்த்தேன் என்று சொன்னேன் அல்லவா? மீதியும் அப்படித்தான் இருக்கும் என்று அப்படியே ஒட்டி அனுப்பிவிட்டேன். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். எனக்கு ஒரே படத்தில் இரண்டு தரம். ஒளிபரப்புக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. படம் அனுப்பியவர்களுக்கு அவசரமாக எழுதினோம். அவர்கள் தங்கள் பிரதியைப் பார்த்து, ஆமாம், எங்கள் பக்கத்துப் பிழைதான், மன்னியுங்கள் என்று அந்தத் துண்டைப் புதிதாக அனுப்பினார்கள்.

புகைக்குள்ளே உட்கார்ந்து பார்த்த மனிதர், முப்பது இடத்தில் ஏமாந்து, ஒரே ஒரு இடத்தில் எங்கள் எல்லோரையும்விடச் சரியாக இருந்திருக்கிறார். "என்ன இருந்தாலும் கழுகு கழுகுதான்" என்றேன். "குருட்டாம்போக்குல அடிச்சது" என்றார். ஆனால் முகம் பூரித்துப் போயிருந்தது.

புதுத் துண்டை மூன்று பேரும் சேர்ந்து பார்த்தோம். டம்ளர். சுவரில் வெளிச்சம். ஏழு நொடிவரை ஒன்றும் இல்லை. எட்டாவது நொடியில் பலகை முனகியது, சுவரில் இருந்த வெளிச்சம் நடுங்கியது. ஒருமுறை, இன்னொரு முறை. மகளுக்கு இன்னும் தெரியாது, அடுத்த அறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருக்கிறாள். நமக்குத் தெரிந்துவிட்டது. அம்மா வந்துவிட்டாள். கழுகண்ணன் இருபத்தேழாவது வரியை அடிக்கவில்லை. அதன் கீழே, 'சரிசெய்யப்பட்டது. வெளிச்சம் ஆடுகிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த வாரம் ஒரு நாள் மத்தியானம் அண்ணி போன் செய்தார். குரலில் ஒரே சலிப்பு.

"உங்கண்ணனுக்கு ஆபீஸ்ல என்னத்தைப் போட்டுக் காட்டுறீங்க? சாயங்காலம் வந்தா சன்னலைத் திறந்து வச்சுக்கிட்டு, மேசையில கண்ணாடி டம்ளர்ல தண்ணி வச்சுக்கிட்டு, சுவரையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்காரு."

"அதுல என்ன அண்ணி?"

"அது மட்டும்னா பரவாயில்லையே. நேத்து பாக்கிறேன், மேசைக்கால்ல வச்சிருந்த அட்டையை எடுத்து வெளிய போட்டுட்டாரு. இருபத்தஞ்சு வருஷ அட்டை! மேசை தொட்டாலே ஆடுது. ஏங்க எடுத்தீங்கன்னு கேட்டா, 'நீ அந்தப் பக்கமா வந்து சாப்பாட்டை வை, வச்சுட்டுப் போ, மறுபடியும் வா'ங்கிறாரு."

"நீங்க என்ன பண்ணினீங்க?"

"என்ன பண்றது. வந்தேன், போனேன், வந்தேன்."